குடைமடுவுக்கு ஏற்ற கேமரா

தண்ணீருக்கடியில் படமெடுக்கக் கேமரா வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் ஆழத்தைத்தான் கேட்பார்கள். எவ்வளவு ஆழம் தாங்கும் என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துத் திருப்தியாகி வாங்கிப் போவார்கள். அந்த ஆழம் புது ரப்பரோடு தொழிற்சாலைத் தொட்டியில் சோதித்த ஆழம். கார்டு போடும் சின்னக் கதவை மூடும்போது ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு தலைமுடி சிக்கியிருந்தால் முழங்கால் தண்ணீரிலேயே கேமரா செத்துப்போகும். இன்ஸ்பெக்டரம்மா, சற்று முன் டீத் தம்ளரைக் கீழே வைத்த ஈரக் கையோடு அந்தக் கேமராவின் கதவைத் திறந்தீர்கள். துடைத்துவிட்டுத் திறந்திருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை. பழக்கமில்லாதவர்கள் செய்வதுதான்.

அதைத் தேர்ந்தெடுத்தவள் நான். ஏன் அந்தக் கேமரா என்று கேட்டீர்கள். பூவிழியின் உடல் எங்கே என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜமுனாமரத்தூரில் சந்தைக்கு எதிரே என் ஸ்டூடியோ. சம்பூர்ணம் ஸ்டூடியோ என்றால் மலையில் யாரும் வழி சொல்வார்கள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் படம், காதுகுத்துப் படம், சான்றிதழுக்கு ஒட்டும் சின்னப் படம். எல்லார் கையிலும் ஃபோன் வந்த பிறகு அவை குறைந்தன. பிறகு மலைக்குக் கீழேயிருந்து கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அருவி வேண்டும், மூடுபனி வேண்டும். சிலருக்குத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் படம் வேண்டும். அதற்காக நாற்பதைத் தாண்டிய வயதில் நீந்தக் கற்றுக்கொண்டேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. எனக்கு நன்றாக நீந்தத் தெரியும்.

அம்சவல்லி என் தங்கை. பஸ் நிற்கும் இடத்தில் டிபன் கடை போட்டிருந்தாள். அவள் கணவர் தங்கவேல், மகள் பூவிழி கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். விடியுமுன் மாவோடும் அடுப்போடும் நிற்கிறவள் பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வாள்? என்னிடம் விட்டாள். என் ஸ்டூடியோவின் நீலத் திரைக்குப் பின்னால்தான் பூவிழி தவழ்ந்தாள், படித்தாள், பெரிய பெண்ணானாள். தூங்குவதற்கு மட்டும் அம்மாவிடம் போவாள். எனக்குப் பிள்ளை இல்லை. அதை ஒரு குறையாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

கார்த்திகையில் ஒருநாள் பூவிழியின் செருப்புகள் குடைமடுவின் பாறைமேல் கிடந்தன. உங்களுக்கு அந்த இடம் இப்போது தெரியும். ஓடை விழுந்து தேங்கும் மடு. அதன்மேல் பாறை குடைபோலக் கவிந்திருக்கும். தீயணைப்புக்காரர்கள் வந்து மூழ்கித் தேடினார்கள். பூவிழியின் ஃபோன் மட்டும் சேற்றிலிருந்து கிடைத்தது. அவர்களில் ஜீவானந்தம் என்பவர் மேலே வந்து மூச்சு வாங்கியபடி அம்சவல்லியிடம் சொன்னார்.

"பாறைக்கு அடியில இடுக்கு ஒண்ணு உள்ள போவுதும்மா. தோள் வரைக்கும்தான் நொழைய முடியுது. அதுக்கு அந்தாண்ட இருட்டு. உள்ள கீறாங்களா இல்லியான்னு என்னால சொல்ல முடியாது."

நல்ல மனிதர். உண்மையைச் சொன்னார். அந்த உண்மைதான் அம்சவல்லியைப் பிடித்துக்கொண்டது. இல்லை என்று சொல்லியிருந்தால் வேறெங்காவது தேடியிருப்பாள். இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் அழுது ஓய்ந்திருப்பாள். சொல்ல முடியாது என்றதும் கடையை மூடிவிட்டு மடுவின் கரையில் போய் உட்கார்ந்தாள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். இவ்வளவு நாள் ஆகிவிட்டது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள், காரியத்தை முடித்துவிடலாம் என்றார்கள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். "தலைக்கு ஊத்தினேன்னா எம்பொண்ண நானே தலைமுழுகின மாதிரி ஆய்டும். கண்ணால பாக்காம ஊத்திக்க மாட்டேன்" என்றாள். அதன் பிறகு அவள் தலைகுளிக்கவே இல்லை. எண்ணெயும் காணாமல் முடி சடையாகத் திரிந்தது. மடுவில் தூண்டில் போட்டிருந்த ஓர் ஆளிடமிருந்து மீனைப் பிடுங்கித் திரும்பத் தண்ணீரில் விட்டாள். "எம்பொண்ணப் பாத்த மீனுய்யா அது" என்றாளாம். அந்த ஆள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். கூட எங்கள் தம்பி சந்திரன். கண்ணமங்கலத்தில் டிராக்டர் வைத்திருக்கிறான். தை பிறந்ததும் பூவிழியை அவனுக்குத்தான் கட்டிக்கொடுப்பதாக இருந்தது. தாய்மாமன். அவளைவிட இரண்டு மடங்கு வயது.

"அக்கா, தண்ணிக்குள்ள பாக்கற கேமரா கீதாமே" என்றாள் அம்சவல்லி. "ஆளு போக முடியாத எடத்துக்கு அது போவும் இல்ல? நீ பாத்து ஒண்ணு எடுத்துக் குடு. எனக்கு இன்னா தெரியும்."

சந்திரன் குறுக்கிட்டான். "புதுசு எதுக்குக்கா? எங்க ஊர்ல போர்வெல் கேமராக்காரன் கீறான். வயர வுட்டான்னா டிவி பாக்கற மாதிரி அப்பிடியே தெரியும். நம்ம பம்புசெட்டு மோட்டார் உள்ள வுழுந்தப்ப அவன்தான காட்டினான்."

"அது குழாய்க்குள்ள பாக்கறதுடா" என்றேன். "சுத்தி செவுரு இருந்தாத்தான் அதோட வெளிச்சம் நிக்கும். மடுவுல வுட்டா இருட்டுதான் தெரியும்."

"அப்பிடியா சொல்ற?"

"நீ டிராக்டரப் பத்தி சொல்லு, நான் கேக்கறேன்."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சூழ்நிலையிலும் சிரித்தான். வேலை தெரிந்தவள் சொல்கிறாள் என்று ஒப்புக்கொண்டான்.

நான் சொன்னது சரியில்லை. போர்வெல் கேமரா அந்த இடுக்குக்குள் போயிருக்கும். வெளிச்சமும் அதிலேயே இருக்கிறது. உண்மையில் நம் பக்கத்தில் கிடைப்பவற்றில் அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவுமில்லை. ஆனால் அதில் படம் வயர் வழியாக உடனே மேலே வந்துவிடும். கரையில் நிற்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்துவிடுவார்கள். அதுதான் அதிலிருந்த குறை.

மற்றவற்றையும் நிதானமாக யோசித்தேன். ஃபோனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறக்கலாம். தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. சாதாரணக் கேமராவைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து இறக்கலாம். இடுக்கில் நுழைய அது பெரிது. தலையில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிறார்களே, அந்தக் குட்டிக் கேமரா எல்லாவற்றையும் அகலமாகக் காட்டும். அவ்வளவு அகலம் எனக்குத் தேவையில்லை. உள்ளங்கையில் அடங்குகிற, தானே தண்ணீர் தாங்குகிற, பொத்தானை அழுத்த விரல் இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாகவே படமெடுத்துக்கொள்கிற சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஃபோனோடு இணைந்து படத்தை அனுப்பும் வசதியும் அதற்கு உண்டு. அந்த ரேடியோ அலை தண்ணீரைத் தாண்டி வராது. படம் கேமராவிலிருந்து கார்டுக்கு, கார்டிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு, அங்கிருந்துதான் அம்சவல்லியின் கண்ணுக்குப் போகும். எந்தக் கடையிலும் இதை ஒரு சிறப்பாகச் சொல்லி விற்கமாட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

திருப்பத்தூருக்குப் போய் நானே வாங்கி வந்தேன்.

புளி பறிக்கிற தொரட்டிக் கழியின் கொக்கியைக் கழற்றிவிட்டு அங்கே கேமராவைக் கட்டினேன். சந்திரன் கழியைப் பிடித்து இடுக்குக்குள் விட்டான். மேலே எடுத்ததும் அம்சவல்லி ஓடி வந்து பின்பக்கத்துத் திரையைப் பார்ப்பாள். வெயிலில் அதில் ஒன்றும் தெரியாது. தன் முகத்தைத்தான் பார்ப்பாள். கார்டை இங்கே கழற்றினால் உள்ளே ஈரம் போய்விடும், உலர்ந்ததும் ஸ்டூடியோவில் பார்க்கலாம் என்பேன். உள்ளே ஈரம் போய்விடும் என்பது உண்மைதான்.

ஸ்டூடியோவில் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, இது கையா?"

"வேரு."

"இது?"

"மீனும்மா."

"மீனுக்கு வெரலு இருக்குமாக்கா?"

பெரிதாக்கிக் காட்டுவேன். மீனாகத்தான் இருக்கும். மறுநாளும் கழியை விடச் சொல்வாள். மறுநாளும் மீன்தான். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லி, ரசம் சாதம் பிசைந்து கையில் கொடுப்பேன். அவளுக்கு அன்று யார் இருந்தார்கள், என்னைத் தவிர?

அந்த இடுக்கில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். பூவிழி அப்போது பெங்களூரில் இருந்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் கடையில் வேலை. பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். நல்ல சாப்பாடு. நீங்கள் தேடுகிற உடல் அந்த விடுதியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும். இன்று அவளுக்கு விடுமுறை.

அவளை அனுப்பிவைத்தவள் நான். விடியலில் என் ஜெர்கினும் ஹெல்மெட்டும் மாட்டி, ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்து மலையிறங்கி, ஜோலார்பேட்டையில் ரயிலேற்றினேன். சிவப்புச் சுடிதாரை ஸ்டூடியோவில் மாற்றிவிட்டு ஜீன்ஸ் போட்டுக்கொண்டாள். செருப்பைக் கழற்றி ஷூ போட்டாள். வீட்டிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று அவள் ஃபோனை வாங்கிக்கொண்டு என் பழைய ஃபோனைக் கொடுத்தேன். "ரெண்டு நாள் போனதும் அம்மாகிட்ட சொல்லிடு பெரிம்மா. நல்லா கீறேன்னு மட்டும் சொல்லு" என்றாள். சொல்கிறேன் என்றேன். சொல்ல நினைத்துத்தான் சொன்னேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால் சந்திரன் போய் முடியைப் பிடித்து இழுத்து வந்திருப்பான். செத்தவளைத் தேடி யாரும் ரயிலேறுவதில்லை. என்னிடம் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. ஒரு ஃபோன் இருந்தது. செருப்பைப் பாறைமேல் வைத்தேன். ஃபோனைத் தண்ணீரில் போட்டேன். அதற்குமேல் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மீதியை ஊரே பேசிக்கொண்டது.

பூவிழியிடமும் ஏதாவது சொல்லவேண்டியிருந்தது. தினமும் கேட்பாள், அம்மாவிடம் பேசட்டுமா என்று. அம்மாவின் குரலைக் கேட்டால் கிளம்பி வந்துவிடுவாள். இளகின மனசு. அதனால், "உங்கம்மா உன்னத் தலைமுழுகிட்டா கண்ணு. ஊரக் கூட்டி, தலைக்கு ஊத்திக்கிட்டா. நீ கூப்புட்டா அவளுக்கு அசிங்கம்" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்பது குறைந்தது. என்னோடு பேசுவது கூடியது. தினமும் மாலையில் இன்னது சாப்பிட்டேன், இன்ன வேலை செய்தேன் என்று எல்லாம் சொல்வாள். அம்மாவிடம் சொல்லாததையும் சொல்வாள்.

அம்சவல்லிதான் ஓயவில்லை. மார்கழிக் குளிரில் ஈரப் பாறைமேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். முடிவு தெரியாமல் தேடுவது சாவைவிடக் கொடுமை என்று எனக்குப் பட்டது. ஒரு முடிவைக் கொடுத்தால் அழுவாள், தலைகுளிப்பாள், கடையைத் திறப்பாள். அவளுக்காகத்தான் அதைச் செய்தேன்.

ஆள் இல்லாத ஒரு நண்பகலில் மடுவுக்குப் போனேன். சிவப்புச் சுடிதாருக்குள் கல் வைத்து, துப்பட்டாவால் சுற்றி, நைலான் கயிற்றால் கட்டி, மூழ்கிப் போய் இடுக்கின் வாயில் செருகினேன். அருகில் போய்ப் படமெடுத்தேன். தண்ணீர் முதலில் தின்பது சிவப்பைத்தான். கொஞ்சம் ஆழம் போனாலே சிவப்புத் துணி கறுப்பாகிவிடும். அதனால் ஃபிளாஷ் போட்டேன். மாவு தூவினாற்போல் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழுந்தது, ஆனால் சிவப்பு வந்தது. கழி எடுத்த படங்களுக்கு நடுவே அதையும் சேர்த்துவைத்தேன். நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்தீர்கள். மற்ற படங்களெல்லாம் பச்சையும் கறுப்புமாக இருக்க, அது ஒன்றில் மட்டும் ஏன் சிவப்பு என்று நீங்கள் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. அம்சவல்லியோ சந்திரனோ கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

சந்திரன் படத்தைப் பார்த்ததும் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அம்சவல்லி அழவில்லை. திரையில் கையை வைத்துத் தடவினாள். "குளிருமே அங்க" என்றாள்.

உள்ளே நுழைந்து எடுக்க முடியாது, பிள்ளை அங்கேயே அமைதியாக இருக்கட்டும், கரையில் காரியத்தை முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். நேற்றுக் காலை மூவரும் மடுவுக்குப் போனோம். சந்திரன் பூசாரியை அழைத்துவர ரோட்டுக்கு ஏறிப் போனான். நாங்கள் இருவர் மட்டும்.

"தலைக்கு ஊத்திக்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி கழிய வுட்டுக்கறேன்க்கா" என்றாள்.

"இன்னாத்துக்கு? அதான் பாத்தாச்சே."

"துணியதான பாத்தேன். மொகத்தப் பாக்கலியே."

நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. எனக்கு அந்தக் கழி கேமராவின் கால். அவளுக்கு அது புளி பறிக்கிற கழி. வீட்டிலேயே கொக்கியைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். மரத்தின் உச்சியில் கண்ணுக்குத் தெரியாத காயைக்கூடக் கை உணர்விலேயே கொக்கியில் மாட்டி இழுக்கிறவள் அவள். நான் எழுந்து வருவதற்குள் மாட்டிவிட்டாள். "வருதுக்கா, வருது" என்று மூச்சுத் திணற இழுத்தாள். விளிம்புப் பாறையில் நின்று அந்த மூட்டையை மார்போடு அணைத்துத் தூக்கினாள். துப்பட்டாவைப் பிரித்தாள்.

"கல்லுக்கா" என்றாள்.

பிறகு கயிற்றைப் பார்த்தாள். ஸ்டூடியோவில் திரை கட்டுகிற கயிறு. அவளும் அதில் துணி உலர்த்தியிருக்கிறாள்.

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தக் கிழட்டுக் கல்யாணத்தைப் பற்றி, நீ பெற்றதோடு சரி என்பதைப் பற்றி, எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். அவள் கோபப்படவில்லை. அவள் முகம் அப்படி மலர்ந்ததை அவள் கல்யாணத்தில்கூட நான் படமெடுத்ததில்லை.

"அப்ப எம்பொண்ணு தண்ணியில இல்லியா? உசுரோட கீறாளா? அக்கா, உனுக்குத் தெரியும் இல்ல? எங்க கீறா? ஃபோன் போடுக்கா. ஒரே ஒரு வாட்டி அவ பேசறதக் கேட்டுட்டு வச்சிடறேன். கல்யாணம் வாணாம், ஒண்ணும் வாணாம். சந்திரங்கிட்ட நான் சொல்லிக்கறேன். போடுக்கா."

கல்யாணம் வேண்டாம் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். நான் விரும்பியது அதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது வேறு. இவள் குரலைக் கேட்டால் பூவிழி இன்றைய பஸ்ஸிலேயே மலையேறி வந்துவிடுவாள். வந்தால் இவள் கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். மாலையில் என் ஃபோன் அடிக்காது.

கை வைத்தேன். பலமாகக்கூட இல்லை. அவள் கையில் கல்லும் துணியும் இருந்ததால் பிடித்துக்கொள்ள முடியவில்லை.

கார்த்திகைக்குப் பிறகு அன்றுதான் அவள் தலை நனைந்தது. முடி விரிந்து மிதந்தது. இரண்டு முறை மேலே வந்தாள். நான் கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். நான் நீட்டவில்லை. பாறைமேல் உட்கார்ந்து புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தேன். மூன்றாவது முறை வரவில்லை. சந்திரன் பூசாரியோடு இறங்கி வந்தபோது தடுக்கி விழுந்துவிட்டாள் என்றேன். ஜீவானந்தம் அவளை மேலே கொண்டுவந்தபோது துணியை அவள் விடாமல் பிடித்திருந்தாள். கயிறு அதிலேயே சுற்றியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

ஆகவே நீங்கள் நினைப்பதுபோல இரண்டு பேரை நான் கொல்லவில்லை. ஒருத்தியைத்தான். அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள், கடைசியில்.

பூவிழியின் எண்ணைத் தருகிறேன். நீங்களே பேசுங்கள். அம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லுங்கள். அம்மா தேடினாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். தாங்கமாட்டாள். இன்று காலை உங்கள் ஜீப் வருவதற்கு முன்னால்தான் பேசினாள். "அம்மா ஒரு வாட்டியாவது என்னப் பத்திக் கேட்டாளா பெரிம்மா?" என்றாள். "இல்ல கண்ணு" என்றேன். நெடுநேரம் அழுதாள். அவள் அழுகை அடங்கும்வரை ஃபோனை வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தேன். எந்த வார்த்தையைச் சொன்னால் அவள் அடங்குவாள் என்று எனக்குத்தான் தெரியும். என்னை நீங்கள் உள்ளே வைத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.